முகப்பில் 3,456 தகடுகள்: பின்பக்கத்து வேலைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கலைக்கூடத்தின் முகப்பில், 12 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் கொண்ட பரப்பில், 3,456 அலுமினியத் தகடுகள் இப்போது காற்றுக்கு அசைந்துகொண்டிருக்கின்றன. தெருவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது தகடுகள் மட்டும். அவற்றுக்குப் பின்னால் 24 சட்டங்கள், அவற்றைச் சுவரோடு பிணைக்கும் 112 ஆங்கர் போல்ட்டுகள், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த மடல் அந்தப் பின்பக்கத்தில் உழைத்தவர்களுக்கு. அதிலும், "இப்படிச் செய்யக் கூடாது" என்று உரிய நேரத்தில் சொல்லி வேலையை நிறுத்தியவர்களுக்கு.

கட்டமைப்புப் பொறியாளருக்கு முதல் நன்றி. ஒரு சட்டம் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், எடை சுமார் 24 கிலோ. எடையை மட்டும் பார்த்தால் நாலு சின்ன போல்ட் தாராளம். காற்றைக் கணக்கில் எடுக்கச் சொன்னது நீங்கள். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம் தரும். ஒரு சட்டத்துக்கு 400 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. காற்றடித்தால் தகடு தூக்கிக்கொண்டு வழிவிடுமே என்று வடிவமைத்த எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தூசும் அழுக்கும் சேர்ந்து தகடு இறுகிவிட்டால் வழிவிடாது, மூடிய பலகை என்றே வைத்துக் கணக்கிட வேண்டும் என்று உறுதியாக நின்றீர்கள். காற்று சுவரை நோக்கித் தள்ளுவதைவிட, கட்டடத்தின் ஓரங்களில் வெளிப்பக்கமாக உறிஞ்சி இழுப்பது மோசம் என்பதையும் விளக்கினீர்கள். அதனால்தான் இரண்டு ஓர வரிசைகளிலும் உள்ள 8 சட்டங்களுக்கு ஆறாறு போல்ட், மற்ற 16 சட்டங்களுக்கு நான்கு நான்கு.

துளை போட்டவர்களே, உங்கள் பொறுமைக்கு இணை இல்லை. எம்12, அதாவது 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, 14 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை, 110 மில்லிமீட்டர் ஆழம். துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும். சுண்ணாம்புச் சாந்து இணைப்பில் விழுந்தால் பிடிப்பு கிடைக்காது. பூச்சுக்கு அடியில் செங்கல் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்தே அளவு குறித்தீர்கள். அதைவிடப் பெரிது, துளையைச் சுத்தம் செய்த விதம்: இரண்டு முறை ஊதி, இரண்டு முறை பிரஷ் விட்டு, மறுபடி இரண்டு முறை ஊதி. 112 துளையிலும் இதே வரிசை, ஒன்றில்கூடக் குறையவில்லை. தூள் மிஞ்சினால், போல்ட்டைத் துளைக்குள் ஒட்டிவைக்கும் ரெசின் பசை செங்கல்லைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் அசையாமல்தான் நிற்கும். இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு ரெசின் குழாயின் முதல் பிதுக்கல்களையும் நிறம் சீராகும்வரை வெளியே தள்ளிவிட்டு, துளையின் அடியிலிருந்து ரெசினை நிரப்பிக்கொண்டே வந்ததற்கும் நன்றி. மேலிருந்து நிரப்பினால் உள்ளே காற்று அடைபட்டுக்கொள்ளும்.

இழுத்துப் பார்க்கும் சோதனையில் தாங்க வேண்டிய பளுவைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்தபோது, மூன்றாம் வரிசையில் இரண்டு போல்ட்டுகள் நகர்ந்தன. அந்த இடத்தில் செங்கல்லுக்குள் வெற்றிடம். அன்றைக்கே வேலையை நிறுத்தி, அந்தச் சட்டத்தைச் சுவரோடு இணைக்கும் தாங்கிகளைத் தள்ளிப் போட்ட மேற்பார்வையாளரை மறக்க மாட்டோம்.

கொத்தனார் ஐயாவின் ஒரு வார்த்தை இந்தச் சுவரையே காப்பாற்றியது. தாங்கித் தகட்டைச் சுற்றி நாலு பக்கமும் நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பூசத் தயாராக இருந்தோம். "மேலேயும் ரெண்டு பக்கமும் பூசுங்க, அடியைத் திறந்து விடுங்க" என்றார். எப்படிப் பூசினாலும் கொஞ்சம் நீர் உள்ளே போகத்தான் செய்யும். வெளியேற வழி இல்லாவிட்டால் பழைய சுண்ணாம்புச் சுவர் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

பட்டறைக்காரர்களுக்கு: தாங்கிகளில் ஒன்றுக்கு மட்டும் வட்டத் துளை, மற்றவற்றுக்கு நீள்துளை என்பதை ஒரு சட்டத்தில்கூட மாற்றிவிடவில்லை நீங்கள். இரண்டு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும். எல்லாம் வட்டத் துளையாக இருந்திருந்தால் அந்த நீட்சி போல்ட்டைத்தான் நெருக்கியிருக்கும்.

தகடு கோக்கும் எவர்சில்வர் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே போட நைலான் புஷ் (சிறு வளையம்) வாங்கி வைத்திருந்தோம். நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும், மழைக்காலத்தில் தகடு சுழலாது, அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கில் போடுங்கள் என்றார் கடைசல்காரர். ஒரு நைலான் புஷ்ஷை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கம்பியில் மாட்டியும் காட்டினார். 6,912 புஷ்களையும் மாற்றினோம். எவர்சில்வரும் அலுமினியமும் நேராகத் தொட்டு, நடுவில் நீர் நின்றால் அலுமினியம் அரிக்கும். அதையும் அந்தப் புஷ்ஷே தடுக்கிறது.

சாரம் கட்டியவர்களுக்கும் மேலே ஏற்றியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. தகடுகள் அடித்துக்கொள்ளாதபடி வரிசைக்கு ஒரு துணி நாடா கட்டி ஏற்றி, நட்டு முடுக்கிய பிறகே அவிழ்த்தீர்கள். காற்று நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டியதும், அரை மணி நேர வேலைதான் மிச்சம் என்றாலும், கீழே இறங்கினீர்கள். எவர்சில்வர் நட்டை இயந்திரத்தால் வேகமாக முடுக்கினால் மரை கடித்துக்கொண்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கென்றே கிரீஸ் தடவி, கையால் முடுக்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்பது கீழிருந்து தொலைநோக்கியில் பார்த்தாலே தெரியும்.

மின்பணியாளருக்கு: விளக்குக் கம்பியைப் பெட்டிக்குள் நுழைக்குமுன் கீழே ஒரு வளைவு விட்டதால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடுகிறது. நன்றி.

கலைக்கூடப் பராமரிப்பாளர்களிடம் ஒரே நிறப்பூச்சில் செய்த 150 உதிரித் தகடுகளும் 300 புஷ்களும் கொடுத்திருக்கிறோம். பின்னாளில் தனியாகப் பூசினால் நிறம் ஒத்துவராது என்பதால் அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள். காற்றுக்காலம் தொடங்குமுன் மஞ்சள் கோடுகளைப் பார்த்துவிடுவதாக ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

எதிர்வீட்டாரே, அடுத்த வீட்டாரே, இத்தனை நாள் டிரில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டீர்கள். தகடுகள் மெல்லச் சலசலக்கும், அவ்வளவுதான். இரவில் உலோகத்தில் உலோகம் உரசுவதுபோல் கேட்டால் தயங்காமல் காவலரிடம் சொல்லுங்கள். எங்கோ ஒரு புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது எங்களுக்கு முன்னால் உங்கள் காதுக்குத்தான் எட்டும்.

நன்றியுடன்,
முகப்பு நிறுவல் குழு