போதகர் வராவிட்டால் நல்லதுதான்

பாளையங்கோட்டை

பிரியமுள்ள சிநேகிதிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இவருக்கு மழை வந்தால் முட்டுவலி கூடிவிடுகிறது, மற்றபடி நாங்கள் சுகம். பெரியவன் இன்னும் ஓசூரில்தான். கல்யாணப் பேச்சு நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அபார்ட்மெண்டில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேதபாடம் தொடங்க நினைக்கிறீர்கள், போதகருக்கு நேரமில்லை, நடத்த ஆளில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். ஏட்டி, இதற்கா வருத்தம்? போதகர் வந்தால் அவர் பேசுவார், நீங்கள் கேட்பீர்கள். அதுதான் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறதே. பிரசங்கத்தின் நடுவே கையைத் தூக்கி, "ஐயா, இது எனக்குப் புரியவில்லை" என்று கேட்க முடியுமா? கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். எனக்கு அது வியாழக்கிழமை சாயங்காலம்தான்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, எங்கள் தெரு டீச்சரம்மா, இன்னும் சிலர். நாங்கள் மாற்கு சுவிசேஷம் வாசிக்கிறோம். அதிகார எண்ணும் வசன எண்ணும் இல்லாமல் தம்பி டைப் அடித்து ஆளுக்கொரு பிரதி எடுத்து வருவான். அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தது, வசன எண்கள் 1551இல்தான் புதிய ஏற்பாட்டில் வந்தன என்று அவன் சொன்னபோது டீச்சரம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. எண்ணை எடுத்துவிட்டால் மனப்பாட வசனமாகத் தெரிந்ததெல்லாம் கதையாகிவிடுகிறது. பகுதியை இரண்டு தடவை சத்தமாக வாசிப்போம். முதலில் அதில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் பேச வேண்டும், வேறு வசனத்துக்குத் தாவக் கூடாது. நிறையத் தெரிந்தவர் கடைசியில் பேசுவார். இந்தக் கடைசி விதி எங்கள் டீச்சரம்மாவுக்காகவே போட்டது!

ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் கதையும் பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையும் தனித்தனியாகத்தானே சண்டே ஸ்கூலில் படித்தோம்? சாகக் கிடக்கும் மகளுக்காக யவீரு இயேசுவை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்; வழியில், ஓயாத ரத்தப்போக்குள்ள இந்தப் பெண் கூட்டத்துக்குள் மறைவாக வந்து அவர் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமாகிறாள். சேர்த்து வாசித்தபோது, அந்தச் சிறுமிக்கு வயது 12, இந்தப் பெண்ணின் வியாதிக்கும் 12 வருஷம் என்பதை முதலில் கவனித்தது தம்பி. நர்ஸ் அக்கா, "12 வருஷம் ரத்தம் போன உடம்பில் அந்தக் கூட்டத்துக்குள் நுழைய எங்கிருந்து தெம்பு வந்தது?" என்று கேட்டார். ஆட்டோ அண்ணன் யவீருவின் பக்கம் நின்றார். சைரன் அடித்துப் போகிற ஆம்புலன்ஸை நடுவழியில் நிறுத்தி, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்?" என்று விசாரித்ததுபோல இருக்கிறதே, அந்தத் தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்றார். ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அப்புறம், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கேட்டாள்: "அவள் மறைந்து வந்துதானே தொட்டாள்? ஏன் எல்லார் முன்னாலும் கூப்பிட வேண்டும்?" நர்ஸ் அக்கா பழைய ஏற்பாட்டில் தீட்டுச் சட்டம் சொல்லும் லேவியராகமம் 15ஐ எடுத்தார் (விதி மீறல்தான், விட்டுவிட்டோம்). அந்தச் சட்டப்படி அவள் தீட்டு, அவளைத் தொடுகிறவர்களுக்கும் தீட்டு. உடம்பு சுகமானது அவளுக்கு மட்டும் தெரிந்தால் ஊர் அவளைச் சேர்த்துக்கொள்ளுமா? எல்லோர் காதிலும் விழ "மகளே" என்றதில்தான் அந்த மீதிப்பாதி சுகம் இருக்கிறது என்றார். கேட்டவளுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. அதை அப்படியே விட்டோம். எனக்கோ, "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்ற வார்த்தை மகள் செத்துப்போனாள் என்ற செய்தி வந்த பிறகுதான் யவீருவுக்குச் சொல்லப்படுகிறது என்பது அன்று பட்டது. பெரியவன் காரியமாக ஜெபிக்கும்போது இப்போது அவசரப்படுத்துவதில்லை.

உங்கள் சபையில் யாராவது இதெல்லாம் புதுப் பழக்கம் என்றால் இதைச் சொல். ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் ஸ்பேனர் என்ற போதகர் 1670இல் தன் வீட்டிலேயே இப்படி ஆட்களைக் கூட்டினார். அந்த பக்தி இயக்கம் வளர்ந்த ஹாலே நகரில் படித்தவர்தான் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்ததற்குப் பின்னால் அப்படியொரு வீட்டுக் கூட்டமும் இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் கதை இன்னும் வேடிக்கை. 1742இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கச் சபையாரைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். வசூலுக்குப் போன இடத்தில் ஒவ்வொருவரும் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியவர, அதுவே வாராந்தரக் கூட்டமாகிவிட்டது. நம் கமிட்டிக்காரர்கள் படித்தால் வசூலை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்!

சில்லறைக் காரியங்கள். டீ, பிஸ்கட்டோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டில் கேசரி செய்தால் அடுத்த வீட்டில் பிரியாணி ஆகும், அதற்கடுத்த வீட்டுக்காரர் வருவதையே விட்டுவிடுவார். சீட்டு, இன்சூரன்ஸ், புடவை வியாபாரம் வேண்டவே வேண்டாம். ஜெபக் குறிப்பாகச் சொன்னது லிஃப்டில் பேச்சாக வரக் கூடாது, இதை முதல் நாளே சொல்லிவிடு. முக்கியமாக, வீடு மாறி மாறி நடத்துங்கள். யார் யார் வீட்டுக்குப் போக மாட்டார் என்பது அப்போதுதான் தெரியும். நம் சபைகளில் அது எதனால் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. எங்களில் ஒருவர் ஒரு வீட்டில் மட்டும் "வயிறு சரியில்லை" என்று டீயைத் தவிர்த்து வந்தார். மனுஷனுக்குள்ளே போகிறது எதுவும் அவனைத் தீட்டுப்படுத்தாது என்கிற ஏழாம் அதிகாரத்தை அந்த வீட்டிலேயே வாசிக்கும்படி ஆயிற்று. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. அடுத்த முறை அங்கே கூடியபோது டம்ளரை வாங்கிக்கொண்டார். இப்போது சர்க்கரை போதவில்லை என்று குறை வேறு சொல்கிறார்.

நீங்களும் மாற்கிலேயே தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஓட்டமாகப் போகும். வெளிப்படுத்தலில் தொடங்கலாம் என்று யாராவது சொல்வார், விடாதே.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவாய்தானே? இங்கே ஒரு வியாழக்கிழமையாவது இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. அம்மாவுக்கு என் அன்பைச் சொல். பெரியவனை ஜெபத்தில் நினைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி