அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை இல்லை

வடசென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். பாரிமுனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் 31 வருஷம் கம்போசிங், அதாவது அச்சுக் கோக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு தெருவில் உள்ள பழைய தேவாலயத்துக்கு உங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லி எழுதுகிறேன்.

சிறுவயதில் மாமாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அரண்மனைக்காரன் தெரு வழியாகப் போவேன். "மாமா, அரண்மனை எங்கே?" என்று ஒருநாள் கேட்டேன். "ராஜா காலி பண்ணிட்டுப் போயிட்டாருடா" என்றார். வெகுநாள் நம்பினேன். ஆர்மீனியன் தெருவைத்தான் நம் ஜனங்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்தச் சொல்லி நான் எழுதவில்லை. எனக்கென்னவோ அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

மாமா சொன்னதில் பாதி உண்மை. ராஜா இல்லை, வியாபாரிகள். பாரசீகத்து ஜூல்பாவிலிருந்து பட்டும் ரத்தினமும் விற்க வந்த ஆர்மீனியர்கள். ஓர் ஊரில் 40 ஆர்மீனியர் குடியேறினால் அங்கே தேவாலயம் கட்டித் தருவதாகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் தன் காசில் பாலம் போட்டார். மறைமலை அடிகள் பாலம் இன்று இருப்பது அந்த இடத்தில்தான். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கட்டியவையே.

அவர்களுடைய மரியன்னை தேவாலயம் இந்தத் தெருவில் நிற்கிறது. கட்டிய ஆண்டு 1772. அந்தச் சமூகம் ஊரிலிருந்து கரைந்துபோய்ப் பல காலமாகிறது. வாராவாரம் பூசை கிடையாது. கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியத் திருச்சபை ஆள் வைத்துப் பராமரிக்கிறது. வெளியே தள்ளுவண்டிச் சத்தம், ஹாரன். கதவைத் தாண்டினால் மரநிழலும், காலடியில் பாவிய கல்லறைக் கற்களும். சுமார் 350 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. அதில் ஆறு மணிகள். ஒன்று 1754-இல் வார்த்து 1808-இல் மறுபடி வார்த்தது. அதன் மேல் தமிழ் எழுத்து பொறித்திருக்கிறது. எங்கிருந்தோ வந்தவர்களின் கோயில் மணியில் நம் எழுத்து!

நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம் மணி இல்லை, ஒரு கல்லறை. அருத்யூன் ஷ்மாவோனியன் என்பவருடையது. பாரசீகத்து ஷீராஸ் நகரத்திலிருந்து வந்த ஆர்மீனியப் பாதிரியார். ஒரே வாரத்தில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். பிறகு சென்னையில் அச்சகம் வைத்தார். 1794 அக்டோபரில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். கப்பல் வந்தது போனது, சரக்கு விலை, வெளியூர்ச் செய்தி எல்லாம் அதில் வந்தன. 18 இதழோடு நின்றுபோனது. 1824-இல் இறந்த அவரை இங்கேதான் புதைத்தார்கள்.

ஈய எழுத்தைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் கறுத்தவன் நான். ஓர் இதழைக் கோத்து, புரூஃப் எடுத்து, பிழை திருத்தி, எழுத்துகளைத் திரும்பப் பிரித்துப் பெட்டியில் அதனதன் அறையில் போடுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். தாய்நாட்டில் செய்ய முடியாததை ஒரு பாதிரியார் நம் ஊரில் உட்கார்ந்து செய்திருக்கிறார். அந்தக் கல்லுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் 31 வருஷமும் வேலை பார்த்தேன். ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. அச்சகத்தை மூடிய பிறகுதான் போனேன். வெட்கமாக இருந்தது.

என் பேரன் படிக்கும் பள்ளியில் சுற்றுலா என்றால் மாமல்லபுரம், இல்லையென்றால் கிண்டிப் பூங்கா. தப்பில்லை. ஆனால் ராயபுரத்துப் பிள்ளைக்கும் தண்டையார்பேட்டைப் பிள்ளைக்கும் பார்க்கத் தகுந்ததெல்லாம் கூவத்துக்குத் தெற்கேதான் இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? இந்த இடத்துக்கு வேன் வாடகை வேண்டாம், மாநகரப் பேருந்து போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை கூட்டி வாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

இருநூறு பேரை ஒரே நாளில் கொண்டுவராதீர்கள், முப்பது முப்பதாக வாருங்கள். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லறைகள் மேல் ஓடக்கூடாது என்று வாசலிலேயே எச்சரித்துவிடுங்கள். காலைவேளை நல்லது. கல்லறைக் கல்லில் உள்ள ஆர்மீனிய எழுத்தைப் பிள்ளைகள் நோட்டில் பார்த்து எழுதட்டும். விருப்பமிருந்தால் நானும் வருகிறேன், அச்சுக் கோக்கும் குச்சி இன்னும் வீட்டில் இருக்கிறது, காட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அதே தெருவில் அந்தோணியார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் அச்சுக்கோப்பாளர்
பழைய வண்ணாரப்பேட்டை