துண்டு போட்டு வைத்த நாற்காலி

அன்புடையீர், வணக்கம்.

நான் அரசுத் தேர்வு எழுதித் தேறி, இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்து இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. வருகைப் பதிவேட்டில் முதன்முதலாகக் கையெழுத்திட்டபோது எனக்கு வயது 46. பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது உங்கள் ஒவ்வொருவரின் முகமும் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு ஆறுவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன்.

என் கணவர் மருத்துவமனையில் இருந்த 2024 ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீடு இருந்த நிலையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மீண்டும் சொல்லப் போவதில்லை. அவர் இப்போது கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் ஐகிரவுண்டு மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்த என் நாத்தனாருக்கும், தைக்கக் கொடுத்த துணியைக் கேட்டு ஒருநாள்கூட வாசலில் வந்து நிற்காத வாடிக்கையாளர்களுக்கும், மதியச் சோற்றுத் தூக்கைச் சொல்லாமலே திண்ணையில் வைத்துவிட்டுப் போன எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும், தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் சலிக்காமல் பத்து முறை விளக்கிய, நூலகத்தில் என்னோடு தேர்வுக்குப் படித்த தம்பிகளுக்கும், விண்ணப்பம் போட்டதோடு நில்லாமல் கலந்தாய்வுக்குச் சென்னை வரை உடன் வந்த என் மகனுக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது. அதை ஒரு மடலில் அடைத்துவிட முடியாது. ஆனால் இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்தது ஒரு நாற்காலி. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்முன்பே வாசலில் நிற்பார்கள். திறந்த சில நிமிடங்களில் இடமெல்லாம் நிறைந்துவிடும். ஆளுக்கு ஓர் இடம்தான் பிடிக்கலாம் என்பது அவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட நியாயம். சமையலை முடித்து, மருத்துவமனைக்குப் போய்க் கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நான் அங்கே போய்ச் சேரும்போது மணி பதினொன்றாகிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு நாட்கள் இடமில்லாமல் திரும்பினேன். மூன்றாம் நாள் ஜன்னலோர நாற்காலி ஒன்றில் நீலக் கட்டம் போட்ட குற்றாலத் துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அட்டை பிய்ந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். அருகில் இருந்த தம்பி, "அது உங்க இடம்க்கா" என்றான். மறுநாளும் துண்டு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. நூலகப் பணியாளர் யாரோ இரக்கப்பட்டுச் செய்வதாக எண்ணிக்கொண்டு, துண்டை மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் படிப்பேன். மாலையில் அது காணாமல் போய்விடும்.

மே மாத நடுவில் ஒருநாள் என் நாத்தனார் விடியற்காலையிலேயே வந்து என்னை விடுவித்ததால் எட்டு மணிக்கு முன்பே நூலகத்தை அடைந்தேன். கதவு திறந்ததும் கூட்டத்தை முந்திக்கொண்டு ஒரு பெண் உள்ளே ஓடினாள். இருபத்து மூன்று வயதிருக்கும். கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வருகிறவள். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னலோர நாற்காலியில் விரித்தாள், பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள், பிறகு தனக்கு இடம் தேடித் திரும்பினாள். ஓர் இடமும் மிஞ்சவில்லை. கொஞ்சமும் தயங்காமல் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்து நோட்டை விரித்துக்கொண்டாள். ஆறு வாரமாக அந்தப் பெண் படியில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீங்க எப்படியும் வந்துருவீங்கல்லாக்கா, இடம் சும்மா கிடக்கப் போறதில்லையே. படியிலதான் நல்லா காத்து வருது" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவளும் நான் எழுதவிருந்த அதே டி.என்.பி.எஸ்.சி. நான்காம் தொகுதித் (குரூப் 4) தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 6,244 இடங்களுக்கு அறிவிக்கை வந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த தேர்வு அது. தன்னோடு போட்டியிடும் ஒருத்திக்கு, அதுவும் ஊர் பேர் தெரியாதவளுக்கு, தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்? அதோடும் அவள் நிற்கவில்லை. விடைத்தாள் மாதிரியைப் பிரதியெடுத்து வந்து, விடை தெரியாத கேள்விக்கு ஐந்தாவதான 'E' வட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதையும், முடிவில் ஐந்து வகை வட்டங்களையும் தனித்தனியே எண்ணிக் கட்டத்தில் எழுதி, கூட்டினால் மொத்தக் கேள்விகளின் எண்ணிக்கையான 200 வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் என்னை மூன்று மாலைகள் செய்யவைத்துப் பழக்கினாள். ஜூன் 9 அன்று தேர்வறையில் என் கை நடுங்காமல் இருந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் பரீட்சை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கேள்வியை நானே என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தேர்வில் அடங்கிய கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கான 42 வயது வரம்பை நான் கடந்திருந்தேன். பிளஸ் டூ முடித்திருந்ததால் எங்கள் பிரிவினருக்கு மற்றப் பதவிகளுக்கு வயது வரம்பு இல்லை என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-இல் தம் 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 பெற்றதை எத்தனையோ பேர் எனக்கு எடுத்துக்காட்டினார்கள். அவரை வணங்குகிறேன். ஆனாலும் எங்கோ ஒருவர் சாதித்தார் என்னும் செய்தி எனக்குத் தராத தெம்பை, நான் இன்றும் வருவேன் என்று நம்பி எனக்காக அந்தப் பெண் ஓர் இருக்கையைக் காலியாக வைத்திருந்த செயல் தந்தது. பிந்தி வருகிறவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது: தாங்கள் வந்து சேரும்வரை யாராவது இடத்தை வைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 28 அன்று முடிவுகள் வந்தன. வேலை கிடைக்கும் தரவரிசையில் நான் இருந்தேன், அவள் இல்லை. "மூணு கேள்விக்கா, நாலரை மார்க்கு" என்று தொலைபேசியில் சொன்னாள். பிறகு எனக்காக மகிழ்ந்து, நெடுநேரம் பேசினாள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மூன்று கேள்விகள் படியில் வெயில் ஏறிய பிற்பகல்களில் போனவையோ என்று இன்றுவரை மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

தங்கையே, உன் பெயரை எழுதக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. இப்போது நீ ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் நூலகத்துக்கு வர முடிகிறது என்பதும் தம்பிகள் வழியாகத் தெரிந்தது. முதல் சம்பளம் வந்ததும் உனக்கு என்ன வாங்கித் தருவது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் பொருத்தமாகப் படவில்லை. அதனால் நேற்று கடைவீதிக்குப் போய் ஒரு குற்றாலத் துண்டு மட்டும் வாங்கி வந்திருக்கிறேன். வரும் ஞாயிறு முதல் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். நீ பதற்றமில்லாமல் வீட்டு வேலையை முடித்துவிட்டு வா. ஜன்னலோர நாற்காலி உனக்காக இருக்கும்.

நன்றியுடன்,
உங்கள் அக்கா
பாளையங்கோட்டை