வெள்ளிக்கிழமை நான்கு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையே கிடையாது, கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் எந்த மாதத்தில், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார் என்பதையும் எழுதியிருக்கலாம். சம்பா நடவு மும்முரமாக நடக்கும் புரட்டாசியில் காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால், எங்கள் நீடாமங்கலம் பக்கத்தில் எந்தத் தாய் வயலை விட்டுக் கரையேறுவாள்? வந்தால் அன்றைய கூலி போயிற்று. இத்தனைக்கும் பிறகு வந்து உட்கார்ந்தால், பேச்செல்லாம் கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர், ஆதார் நகல் பற்றித்தான். பிள்ளை என்ன படிக்கிறாள் என்ற பேச்சு வருவதற்குள் தேநீர் வந்துவிடும்.

என் பேத்தி அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். காலை உணவைப் பள்ளியிலேயே கொடுத்துவிடுவதால் விடியற்காலை அவசரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்தத் திட்டம் 2023இல் மாநிலம் முழுவதும் விரிவானபோது, அதற்கான தொடக்க விழா நடந்ததே எங்கள் டெல்டாவின் திருக்குவளையில்தான். பிள்ளை பள்ளியில் என்ன சாப்பிட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். கிழமை வாரியாகப் பட்டியல் இருக்கிறது. திங்கள் என்றால் உப்புமா வகை என்று மருமகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்த வாரம் என்ன பாடம் என்று கேட்டால் விழிப்பாள். அதற்கு மட்டும் பட்டியல் இல்லை.

கால் ஆண்டு கழித்துத் தேர்ச்சி அட்டை வருகிறது, உண்மைதான். கணக்கில் பிள்ளை பின்தங்கியிருக்கிறாள் என்று அது சொல்லும்போது, பின்தங்கிய இடத்தைத் தாண்டி வகுப்பு வெகுதூரம் போயிருக்கும். போதாக்குறைக்கு, ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறை வேறு. தொடர்ந்தாற்போல் சில நாள் பள்ளி கிடையாது என்றால், விட்ட இடம் எது, தொட்ட இடம் எது என்று வீட்டில் ஒருவருக்கும் புரிவதில்லை.

வாரத்துக்கு வாரம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் பத்து, ஒன்று என்று இடமதிப்பு வருகிறது. பத்துக் குச்சிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது, கழிக்கும்போது ஒரு கட்டைப் பிரிப்பது என்று வகுப்பில் நடத்துகிறார்கள். நல்ல முறை. இது தெரியாமல் மருமகள், தான் படித்த வழியில் ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுக்க, ‘டீச்சர் அப்படிச் சொல்லவில்லை’ என்று பிள்ளை நோட்டை மூடிவிட்டாள். மருமகளோ நாற்றங்காலில் நாற்றைப் பறித்து முடி முடியாக, அதாவது சிறு சிறு கட்டாக, கட்டுகிறவள். முடிகளைக் கணக்கு வைத்துத்தான் கூலியே பேசுகிறார்கள். இந்த வாரம் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுகிறோம் என்று ஒரு வரி அவளுக்கு எட்டியிருந்தால், ஈர்க்குச்சியை ஒடித்து வாசலிலேயே பாடத்தை முடித்திருப்பாள்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. விடுமுறை அறிவிப்பும் காலை வணக்கப் படங்களும் வருகின்றன. வாட்ஸ்அப் வரும் போன் வீட்டில் ஒன்றுதான், அது திருப்பூரில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் பெயர்களை யாரோ ஒருமுறை அதே குழுவில் போட்டுவிட்டார்கள். சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று எவ்வளவு பக்குவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! யார் பிள்ளை எந்த நிலை என்பது தாய்க்கும் ஆசிரியருக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேச்சு. ஊருக்குச் சொல்ல வேண்டியது பாடத்தை.

இதெல்லாம் நான் புதிதாகக் கேட்கும் சலுகையும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதே சட்டம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஆசிரியர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகள் இங்கே ஏராளம். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதற்குள் அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. மேலே போகிற தகவலில் கால் பங்கு வெளியே வாசலுக்கு வந்தாலே போதும் என்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை, பள்ளிக் கதவோரச் சுவரில் கறுப்பு வண்ணம் அடித்த இடத்தில் நான்கு வரி: இந்த வாரம் படித்த கதை அல்லது பாட்டு, கணக்கில் என்ன, வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை, அடுத்த வாரம் எது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதட்டும், கையெழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. பக்க எண்ணும் ‘பயிற்சி 3.2’ என்பதும் வேண்டாம்; புத்தகம் பையில் இருக்கும்போது அது யாருக்குப் புரியும்? வாசிக்கத் தெரியாத தாய்க்கு அவள் பிள்ளையே வாசித்துக் காட்டுவாள். போன் உள்ளவர்களுக்கு அதே நான்கு வரியை ஆசிரியர் தம் குரலில் பதிவு செய்து அனுப்பலாம். அரை நிமிடம் ஆகும். திருப்பூரில் இருக்கும் தகப்பனும் இரவு போனில் பிள்ளையிடம் ‘சாப்பிட்டாயா’ என்பதற்கு மேல் கேட்க ஏதாவது இருக்கும்.

கூட்டத்தை நடவும் அறுவடையும் இல்லாத நாள் பார்த்து, மாலை 5 மணிக்கு மேல் வைக்கலாம். சுவருக்கு வண்ணம் அடிக்கும் செலவை எங்கள் தெருவில் சிலர் ஏற்றுக்கொள்ளத் தயார். தலைமை ஆசிரியரிடம் கேட்டோம். மேலிடத்து அனுமதி இல்லாமல் சுவரைத் தொட முடியாது என்கிறார். கல்வித் துறையினர் யாராவது இதைப் படித்தால், அந்த அனுமதியை மட்டும் சம்பா அறுவடைக்கு முன் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.