30 நாள் வரை விடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவின் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்தபோது, சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால், "அறுவைக் காயத்தில் சீழ் வைப்பது எங்களிடம் அபூர்வம்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி என்னை உறுத்துகிறது. எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? பலர் தையல் பிரிப்பதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். காயம் சிவந்தால் அருகிலிருக்கும் டாக்டரிடம் மாத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் பதிவேட்டிலோ அவர்கள் குணமாகிப் போனவர்கள்! அதனால்தான் அறுவைக்குப் பிறகு பொதுவாக 30 நாள் வரையிலும், மூட்டு மாற்று போன்ற அறுவைகளில் 90 நாள் வரையிலும் பின்தொடர வேண்டியிருக்கிறது.

எங்கள் தொற்றுத் தடுப்புச் செவிலியர் தொலைபேசியில் "நலமா?" என்று கேட்பதே இல்லை. கட்டு நனைகிறதா, தையலைச் சுற்றித் தொட்டால் சூடாக இருக்கிறதா, வேறு யாராவது ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்பார். மூன்றாவது கேள்வியில்தான் பல நேரம் உண்மை வெளிவருகிறது.

எண்ணினால் மட்டும் போதாது, எண்ணியது கத்தி பிடிப்பவரிடம் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் 1970களில் நடந்து 1985இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு உனக்கு நினைவிருக்கும். முறையான கண்காணிப்பும் தடுப்புப் பணியும் இருந்த மருத்துவமனைகளில் தொற்று ஏறத்தாழ 32 சதவீதம் குறைந்தது. அறுவைக் காயத் தொற்றைப் பொறுத்தவரை, அறுவை மருத்துவருக்கு அவருடைய நோயாளிகளின் தொற்று விகிதத்தைத் தெரிவிப்பதும் அந்தப் பணியில் அடக்கம்.

அதை நியாயமாகச் செய். குடல் ஓட்டையாகி வந்தவரையும் திட்டமிட்டுக் குடலிறக்க அறுவைக்கு வந்தவரையும் ஒரே தட்டில் வைக்காதே. காயத்தின் வகை, நோயாளியின் உடல்நிலை, அறுவை நீடித்த நேரம் மூன்றையும் பார்த்த பிறகே ஒப்பிடு. யாரையும் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்காதே. கேட்டால், அடுத்த மாதமே சீழ் என்ற சொல் கேஸ் ஷீட்டிலிருந்து மறைந்துவிடும்.

இன்னொன்று. அறுவைக்கு முன் முடி எடுக்கும் ரேசர்கள் வார்டில் இன்னும் இருந்தால் உடனே அப்புறப்படுத்து. அது கீறும் நுண்ணிய வெட்டுகளில் கிருமி குடியேறும். முடியை விட்டுவைக்கலாம், எடுத்தே ஆகவேண்டுமென்றால், தோலைக் கீறாமல் முடியை வெட்டும் கிளிப்பர் போதும். தொற்று வராமலிருக்க அறுவைக்கு முன் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட நேரத்தையும் கத்தி வைத்த நேரத்தையும் அருகருகே எழுதச் சொல். இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை எத்தனை என்று உனக்கே தெரிந்துவிடும்.

எல்லா அறுவைகளையும் ஒரேயடியாகத் தொடங்காதே. சிசேரியனை மட்டும் முதலில் எடுத்துக்கொள்: எண்ணிக்கை அதிகம், தாய்மார்களும் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் திரும்ப வருவார்கள். எங்கள் படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தொலைபேசியில் பேச யாரை நியமிக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
ராகவன்