வெஜிடபிள் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

20 வருடம் சிகரெட் பிடித்துவிட்டு, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப் என்ற மின்-சிகரெட்டுக்கு மாறியவன் நான், லண்டனில் இருக்கிறேன். அந்தத் திரவத்தில் கலக்கும் இரண்டு முக்கியப் பொருள்களில் 'வெஜிடபிள் கிளிசரின்' என்ற பெயரைப் பார்த்ததுமே இங்கே நம் பையன்கள் பலர் அது இயற்கை, மற்றதான புரோப்பிலீன் கிளைகால் கெமிக்கல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தாவர எண்ணெயிலிருந்து வந்தாலும், சூடு மீறினால் கிளிசரினிலிருந்து மூச்சுக்குழாயை உறுத்தும் அக்ரோலின் உண்டாகும். சாப்பிடலாம் என்பதால் மூச்சில் இழுக்கவும் நல்லது என்று ஆகிவிடாது.

புரோப்பிலீன் கிளைகால் நீர்த்திருக்கும், சுவையை நன்றாகக் காட்டும், சிகரெட் போலவே தொண்டையில் பிடிக்கும், அதனால்தான் புதிதாக மாறுபவருக்குச் சிறிய கருவியில் பாதிக்குப் பாதி கலவை ஒத்துவருகிறது. 70 சதவீதம் கிளிசரின் உள்ள கெட்டித் திரவத்தை அதில் ஊற்றினால் உள்ளே திரவத்தை உறிஞ்சும் பஞ்சு சரியாக ஊறாமல் கருகிவிடும். எனக்குக் கிளைகால் தொண்டையில் எரிந்தது, அப்புறம்தான் கிளிசரின் கூடியதற்கும் அதற்கேற்ற கருவிக்கும் போனேன். இரண்டுமே வாயை உலர்த்தும், தண்ணீர் குடியுங்கள்.

சிகரெட்டே பிடிக்காதவர்கள் தயவுசெய்து இரண்டையும் தொட வேண்டாம். ஊருக்குப் போகும்போது வேப்பைப் பையில் எடுத்துப் போகவும் வேண்டாம், 2019 முதல் இந்தியாவில் இதற்குத் தடை.

ஒரு வாசகர், லண்டன்