தமிழ்ப்பள்ளிக் கட்டடக் கணக்கை யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தில் அரசிடமுள்ள தகவல்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிலாங்கூர் மாநிலம் 2011இலேயே இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. மகிழ்ச்சிதான். ஆனால் இவை மாநில அரசின் கீழுள்ள அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்தும். கல்வியோ மத்திய அரசின் பொறுப்பு. தமிழ்ப்பள்ளியின் புதிய கட்டடத்தைக் கட்டும் குத்தகை யாருக்குப் போனது, எவ்வளவுக்குப் போனது, வேலை ஏன் இழுபடுகிறது என்று கேட்கும் பெற்றோர், மாநிலச் சட்டத்தைக் காட்டிப் பதில் வாங்க முடியாது.

போதாக்குறைக்கு 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் வேறு. ஓர் ஆவணம் இரகசியமானது என்று சான்றளித்துவிட்டால், அதை நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. வெளியிட்டவருக்கு ஓராண்டுக்குக் குறையாத சிறை! இராணுவ இரகசியங்களைக் காக்கட்டும். அதை யாரும் மறுக்கவில்லை. வரிப்பணத்தில் எழும் வகுப்பறையின் கணக்கை எதற்காக மறைக்க வேண்டும்?

நாடு முழுமைக்குமான தகவல் சட்டம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது இரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாக இருந்தால் பயனில்லை. தகவல் மறுக்கப்பட்டவர் முறையிட, அமைச்சுக்குக் கட்டுப்படாத ஆணையமும் தேவை. நம் வாக்கைப் பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் இவ்விரண்டையும் மக்களவையில் வலியுறுத்த வேண்டும்.

தமிழ்ப்பள்ளி மாணவரின் தந்தை,
பட்டர்வொர்த், பினாங்கு